சான் மேட்டியோ கடலோரம்: முதலில் தேதி, இடம் அப்புறம்

கேள்வி: நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். அப்பா, அம்மா டிசம்பர் தொடக்கத்தில் வந்து மே வரை எங்களோடு தங்கப்போகிறார்கள். சான் மேட்டியோ கவுண்டியின் கடலோரத்தில் நிறைய பூங்காக்களும் இயற்கைக் காப்பகங்களும் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒரே சனிக்கிழமையில் வரிசையாகப் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சமதளமாக இருந்தால் அரை மணி நடப்பார். அப்பா நன்றாக நடப்பார். பையனுக்கு ஏழு வயது.

பதில்: முடியும், காரைவிட்டு இறங்காமல் இருந்தால். பசிஃபிகாவிலிருந்து தெற்கு எல்லையில் உள்ள ஆன்யோ நுவேவோ வரை 'ஹைவே 1' சாலையில் சுமார் 40 மைல்தான். அந்தத் தூரத்துக்குள் கவுண்டி பூங்கா, மாநிலப் பூங்கா, தேசியப் பூங்காத் துறையின் நிலம் எல்லாம் மாறி மாறி வருவதால், வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் 'காலையில் கிளம்பினால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்' என்றுதான் தோன்றும். அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் ஆறு பார்க்கிங் லாட்டையும் ஆறு செல்ஃபியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தக் கடலோரத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் கணக்கு. காலை பத்து மணிக்கு அலை அடித்துக்கொண்டிருக்கும் அதே பாறைத்திட்டு, மாலை நாலு மணிக்கு நண்டும் நட்சத்திர மீனுமாகத் திறந்து கிடக்கும். தேதி தவறினால் ஒன்றும் இல்லை. ஆகவே மூன்று தனித்தனி நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஆறு மாதம், அதுவும் வருடத்திலேயே சரியான ஆறு மாதம்.

முதல் நாள்: மாஸ் பீச்

டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு பிற்பகலை ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் காப்பகத்துக்கு ஒதுக்குங்கள். ஹாஃப் மூன் பேக்குச் சற்று வடக்கே மாஸ் பீச்சில் இருக்கிறது. 1969 முதல் பாதுகாக்கப்பட்ட இடம், கவுண்டி நிர்வகிக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. கடல் வற்றும்போது கரையை ஒட்டிப் பெரிய பாறைத்தளம் வெளியே வரும். அதன் பள்ளங்களில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது.

எப்போது வற்றும் என்பதை அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பான நோவா முன்கூட்டியே கணித்து இணையத்தில் போட்டிருக்கிறது. 'பில்லர் பாயின்ட் ஹார்பர்' என்ற நிலையத்தின் அட்டவணையைப் பாருங்கள். இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, ஆனால் இரண்டு இறக்கமும் ஒரே அளவு இருக்காது. ஒன்று லேசாக இருக்கும், இன்னொன்று நன்றாக உள்வாங்கும். அந்த இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. அட்டவணையில் 0 என்று போட்டிருப்பது அந்தப் பெரிய இறக்கங்களின் சராசரி. ஒரு அடிக்குக் கீழே காட்டினால் போகலாம். மைனஸ் குறியோடு இருந்தால் வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போகலாம். மைனஸ் நாட்கள் பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும் என்பதால், வீட்டில் தொங்கும் தமிழ்க் காலண்டரே பாதித் தகவலைச் சொல்லிவிடும்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. கலிஃபோர்னியாவின் இந்தப் பகுதியில் குளிர்காலத்துப் பெரிய இறக்கம் பிற்பகலில் வருகிறது. வசந்தம் முற்றி மே, ஜூன் ஆகும்போது அது விடியற்காலைக்கு நகர்ந்துவிடும். காப்பகத்தின் கதவு காலை 8 மணிக்குத்தான் திறக்கிறது, ஆகவே ஐந்தரை மணிக்கு வரும் மைனஸ் யாருக்கும் பயன்படாது. டிசம்பர், ஜனவரியில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். அட்டவணையில் உள்ள நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, கடல் இறங்க இறங்கப் பின்னாலேயே போய், அது திரும்ப ஆரம்பித்ததும் நீங்களும் திரும்பிவிட வேண்டும். சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இறக்கம் நன்றாக இருந்தாலும் புயலுக்குப் பிந்தைய பெரிய அலை நாளாக இருந்தால் போக வேண்டாம். அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று அன்று காலை வானிலைப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பாறைக்கு வந்ததும் பையனிடம் முதலில் காட்ட வேண்டியது, அங்கே எதுவுமே இல்லாதது போலத் தெரியும் இடத்தை. பாறையின் பக்கவாட்டில் கிளிஞ்சல் துண்டும் மணலும் ஒட்டிய சொரசொரப்பான பரப்பு இருக்கும். அது பாறை இல்லை, கடற்சாமந்தி என்ற பூப்போல விரியும் கடலுயிர்கள் நூற்றுக்கணக்கில். தண்ணீர் வற்றியதும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்துபோகாமல் இருக்க உடம்பெல்லாம் மணலையும் ஓட்டுத் துண்டுகளையும் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெரியாமல் காலை வைத்தால் புளிச்சென்று தண்ணீர் பீய்ச்சும். அதற்கு ஒரு அடி கீழே, தண்ணீருக்குள், அதன் பெரிய உறவினர் பச்சை நிறத்தில் தட்டு அளவுக்கு விரிந்திருக்கும். அந்தப் பச்சையில் ஒரு பங்கு அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியுடையது. ஒரே பள்ளத்தின் முன் பத்து நிமிடம் குந்தி உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் நத்தைச் சங்கு ஒன்று தப்பும் தவறுமாக ஓடும், அது துறவி நண்டு. பாறையின் நிறத்திலேயே இருந்த சின்ன மீன் ஒன்று நகரும். பத்துப் பள்ளத்தை எட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நட்சத்திர மீன்கள் முன்பு போல் இல்லை. 2013இல் தொடங்கிய ஒரு நோய் இந்தக் கரை முழுக்க அவற்றைக் கரைத்துக் கொன்றது. சூரியகாந்தி நட்சத்திர மீன் என்ற பெரிய வகை கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அந்த வகையைக் கொன்றது ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025இல்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஊதாவும் ஆரஞ்சுமாக இருக்கும் பாறை நட்சத்திர மீனை இப்போதும் பார்க்கலாம். பார்த்தால் பிடுங்கிக் கையில் எடுக்க வேண்டாம், அதன் குழாய்க் கால்கள் பாறையோடு பிய்ந்துவிடும்.

எதையும் எடுத்து வரக்கூடாது என்பது இங்கே சட்டம். காலியான சங்கு, கிளிஞ்சல், கூழாங்கல் எல்லாமே அதில் அடக்கம். அப்பா ஒரு சங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார், பெரியவர்கள் பலரும் செய்வதுதான். அந்தக் காலிச் சங்குதான் அடுத்த துறவி நண்டுக்கு வீடு என்று பையனையே சொல்லவிடுங்கள். நாய்க்கு அனுமதி இல்லை. கரையில் ஹார்பர் சீல்கள் படுத்திருந்தால் 300 அடி தள்ளி நிற்க வேண்டும். மார்ச்சிலிருந்து மே வரை அவை குட்டி போடும் காலம் என்பதால் இன்னும் கவனம் தேவை. கரையில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்து 'ஐயோ, தாயை விட்டுப் பிரிந்துவிட்டதே' என்று கிட்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. தாய் இரை தேடப் போயிருக்கும், ஆள் நிற்பதைப் பார்த்தால் கரைக்கே வராது.

அம்மாவைப் பாறைமேல் ஏற்ற வேண்டாம். பாசியில் கால் வழுக்குவது இளையவர்களுக்கே சகஜம். மேலே மேட்டில் மான்டரே சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஒரு பாதை இருக்கிறது. அங்கிருந்து கீழே நீங்கள் குந்தி உட்கார்ந்திருப்பதும் தெரியும், சீல்கள் கிடப்பதும் தெரியும். ஒரு பைனாகுலர் கொடுத்துவிட்டால் போதும். திரும்பும்போது நேரம் இருந்தால் ஹாஃப் மூன் பேயில் கடலை ஒட்டிப் போகும் தார்ப்பாதையில் அவரோடு நடந்துவிட்டு வாருங்கள். கிட்டத்தட்ட சமதளம், எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள்: ஆன்யோ நுவேவோ

இதற்கு ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி முதல் வாரம். கவுண்டியின் தென்கோடியில் உள்ள இந்த மாநிலப் பூங்காவுக்கு வடக்கத்தி யானை சீல்கள் குளிர்காலத்தில் குட்டி போடவும் இணை சேரவும் வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழுப்பு எண்ணெய்க்காக வேட்டையாடி, மெக்ஸிகோவின் குவாடலூப்பே தீவில் ஒரு சிறு கூட்டம் மட்டும் மிஞ்சிய இனம் இது. 1955இல் இங்கே எதிரில் உள்ள தீவுக்குத் திரும்பி வந்தது. 1975இல் முதல் முறையாக நிலப்பகுதியிலேயே குட்டி பிறந்தது. இன்று மணல்மேடுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் கிடப்பது அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள்.

டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். மாநிலப் பூங்காக்களின் ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் முன்பதிவு வேண்டும். சுமார் மூன்று மைல், இரண்டரை மணி நேர நடை, கடைசிப் பகுதி முழுக்க மணல். அப்பாவுக்கும் பையனுக்கும் சரி, அம்மாவுக்குச் சரிவராது. ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே மரப்பலகைப் பாதை வழியாக அழைத்துப்போகும் தனிச் சுற்று உண்டு. அதைப் பலரும் கேட்பதே இல்லை. முன்பதிவுக்கு முன் பூங்காவை அழைத்து, முழங்கால் வலியைச் சொல்லிக் கேளுங்கள். மழை பெய்தாலும் சுற்று நடக்கும். குடை விலங்குகளை மிரட்டும் என்பதால் ரெயின்கோட்தான்.

ஏன் இந்த இரண்டு வாரம் என்றால், அப்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். டிசம்பரில் போனால் ஆண்களின் சண்டை மட்டும், மார்ச்சில் போனால் பெரும்பாலும் பால் மறந்த குட்டிகள் மட்டும். ஜனவரிக் கடைசியில் ஒரு பக்கம் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆண் மார்பைத் தூக்கி மோதிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் பிறந்து சில நாளான கறுப்புக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும். பாலூட்டுவது ஏறக்குறைய 28 நாள்தான். அந்த நாட்களில் தாய் எதுவும் சாப்பிடுவதில்லை. 75 பவுண்டில் பிறந்த குட்டி அதற்குள் மூன்று மடங்குக்கு மேல் ஊதிவிடும். பிறகு தாய் குட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். இந்த இடத்தில் அம்மாக்கள் எல்லோரும் ஒரு கருத்துச் சொல்வார்கள், வழிகாட்டிகளுக்குப் பழகிவிட்டது.

பிப்ரவரியில் இடம் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். ஏப்ரலில் முன்பதிவு இல்லாமல், பூங்காவில் அன்றைக்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களாகவே நடக்கலாம். அப்போது பெண் சீல்களும் இளசுகளும் தோல் உரிக்க வந்திருக்கும். தோல் பட்டை பட்டையாகக் கிழிந்து தொங்குவதைப் பார்த்து நோய் என்று பலர் பயப்படுகிறார்கள், அது வருடாவருடம் நடப்பது. எந்தக் காலமானாலும் 25 அடிக்குள் போகக்கூடாது. மூட்டை போலக் கிடப்பது குறுகிய தூரத்தில் மனிதனைவிட வேகமாக வரும். கிளம்புவதற்கு முன் பூங்காவின் பக்கத்தில் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள், புயலோ விலங்கு நோயோ காரணமாகச் சுற்றுகளை நிறுத்துவதுண்டு.

திரும்பும் வழியில் பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கம். 115 அடி உயரம், 1872இல் ஏற்றியது. 1853இல் இங்கே உடைந்த 'கேரியர் பிஜன்' கப்பலின் பெயர்தான் முனைக்கு. 2001இல் மேலிருந்து பாகங்கள் பெயர்ந்து விழுந்ததால் கோபுரத்தை மூடினார்கள், ஆகவே மேலே ஏறும் திட்டத்தோடு போகாதீர்கள். அம்மாவுக்கு இங்கே நடையே இல்லாமல் கடலைப் பார்க்கலாம். அங்கிருந்து சற்று வடக்கே பீன் ஹாலோவில் தேன்கூடு போல ஓட்டை விழுந்த மணற்பாறைகள் இருக்கின்றன. உப்பும் ஈரமும் பல காலம் அரித்த வேலை.

அதற்கும் வடக்கே பெஸ்கடேரோ. இங்கே எல்லோரும் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். சாலைக்குக் கிழக்கே இருக்கும் சதுப்பு நிலம்தான் என் கணக்கில் இந்தக் கவுண்டியின் மிகக் குறைத்து மதிப்பிடப்பட்ட இடம். கோல்டன் கேட்டுக்கும் மான்டரே பக்கத்து எல்க்ஹார்ன் சதுப்புக்கும் இடையில் இதுதான் பெரியது. பெரிய நீல நாரையும் வெள்ளைக் கொக்கும் தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நிற்கும். சிவப்பும் நீலப்பச்சையுமாக உடல் நெடுகப் பட்டை ஓடும் சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு வாழும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. அது அழிவின் விளிம்பில் உள்ள இனம், கண்ணில் படுவது அபூர்வம். பாம்பு என்றதும் அம்மா காரிலேயே இருந்துவிடுவார் என்றால் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம். பாதையை விட்டு இறங்காதீர்கள், ஓரத்துப் புதர்களில் பாய்சன் ஓக் உண்டு. மூன்று மூன்று இலையாக இருக்கும், தொட்டால் அரிப்பு வாரக்கணக்கில் போகாது. புல்லில் நடந்துவிட்டு வந்தால் பையனின் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் நாள்: வடக்கே

ஏப்ரலில் பசிஃபிகா பக்கம். மோரி பாயின்ட்டில் காட்டுப்பூக்கள் மலர்ந்திருக்கும், படிகள் ஏறும் பாதை அப்பாவுக்கும் பையனுக்கும். டெவில்ஸ் ஸ்லைட் பாதையை அம்மாவுக்காகவே பரிந்துரைப்பேன். மண்சரிவால் அடிக்கடி மூடிய பழைய 'ஹைவே 1' சாலை அது. 2013இல் சுரங்கப்பாதை திறந்ததும் கார்களை அதற்குள் அனுப்பிவிட்டு, 2014இல் பழைய சாலையை நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1.3 மைல், அகலமான தார்ச்சாலை, கட்டணம் இல்லை. ஏற்ற இறக்கம் கொஞ்சம் உண்டு, ஆகவே முழுவதும் போக வேண்டும் என்றில்லை. பத்து நிமிடம் நடந்தாலே பாறைகளில் நீர்க்காகங்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருப்பது தெரியும், பைரி என்ற வேட்டைப் பறவை ஒன்று மேலே சுற்றினாலும் ஆச்சரியமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு வடக்கே போகும், கரையை ஒட்டியே போகும். காற்று எழும்பாத காலை நேரத்தில் தொடுவானத்தை விட்டுவிட்டுக் கிட்டத்துத் தண்ணீரில் மூச்சுப் புகையைத் தேடுங்கள். இருபக்கமும் பார்க்கிங் மிகக் குறைவு, ஒன்பது மணிக்கு முன் போய்விடுவது நல்லது.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரை என்றால் கால் நனைப்பது. இங்கே அது ஆபத்து. தண்ணீர் குளிர்காலத்தில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. பெஸ்கடேரோ, சான் கிரிகோரியோ போன்ற கரைகள் சரிவானவை. பதினைந்து நிமிடம் சின்னச் சின்ன அலையாக வந்துவிட்டு, திடீரென்று ஒன்று மட்டும் மேலே ஏறி வந்து ஆளை இழுத்துப் போகும். போனதும் கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். ஈரமணல் எதுவரை இருக்கிறதோ அதுவரை அலை வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம். பையனின் கையை விடவே வேண்டாம். மீறி யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் 911 அழையுங்கள், இந்தக் கரையில் காப்பாற்றக் குதித்தவர்களும் இறந்திருக்கிறார்கள். மேட்டு விளிம்புகளும் உதிரும் மண்தான், வேலிக்கு இப்பாலேயே நில்லுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். மாநிலப் பூங்காக்களில் காருக்குப் பத்து டாலர் அளவில் கட்டணம். கலிஃபோர்னியாவின் பொது நூலகங்களில் மாநிலப் பூங்காவுக்கான பார்க்கிங் பாஸைப் புத்தகம் போலவே இரவல் எடுக்கலாம், உங்கள் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நாய் விதிகள் பூங்காவுக்குப் பூங்கா மாறும். அடுக்கடுக்காக உடை வேண்டும், ஃப்ரீமான்ட்டில் வெயில் அடிக்கிறது என்பதை நம்பி வராதீர்கள். ஹாஃப் மூன் பேக்குத் தெற்கே பெட்ரோல் பங்கும் செல்போன் சிக்னலும் அரிது. ஹாஃப் மூன் பேயிலேயே டேங்கை நிரப்பி, வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் பையைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு இறங்கினால் கண்ணாடி உடையும்.

இந்த மூன்றில் சீக்கிரம் தீர்ந்துபோவது ஆன்யோ நுவேவோவின் சனி, ஞாயிறு இடங்கள்தான். பெற்றோர் வந்து இறங்கும் வரை காத்திருக்காமல், தேதிகள் திறந்ததும் அதை முதலில் பதிவு செய்துவிடுங்கள். மாஸ் பீச்சுக்கான மைனஸ் நாளை அதைச் சுற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.